கிறிஸ்து பிறப்பின் பண்டிகையும் கடைத்தெருவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசி வாரத்திலேயே வண்ணார்பேட்டையிலும் நெல்லை டவுனிலும் ஜவுளிக்கடை வாசல்களில் நட்சத்திரங்கள் ஏறிவிடுகின்றன. ஆலயத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வருவதற்கு முன்பே கடைத்தெருவில் பண்டிகை தொடங்கிவிடுகிறது. பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளி நடத்தி வரும் என்னிடம் இந்த நாட்களில் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து, என்னால் இயன்ற அளவு நேர்மையாக மறுமொழி எழுதியிருக்கிறேன். வேத வசனங்கள் நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

கிறிஸ்துமஸ் நாளில் நாம் உண்மையில் எதைக் கொண்டாடுகிறோம்?

இயேசுவின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறோம் என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். அது சரியான பதில்தான். ஆனால் பாதிப் பதில். பெரியோர் பலருக்கும் பிறந்தநாள் கொண்டாடுகிறோம். இந்தப் பிறப்பில் திருச்சபை அறிக்கையிடுவது, படைத்தவரே படைப்புக்குள் வந்தார், கடவுளே மனிதரானார் என்பதை. "அந்த வார்த்தை மாம்சமாகி, கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய், நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்று யோவான் எழுதுகிறார். இம்மானுவேல் என்ற பெயருக்கு, தேவன் நம்மோடிருக்கிறார் என்று மத்தேயு பொருள் சொல்கிறார். மேலே இருந்துகொண்டு உதவி அனுப்பாமல், தாமே இறங்கி வந்து பசியையும் களைப்பையும் மரணத்தையும் ஏற்றுக்கொண்ட கடவுளைத்தான் அந்த அதிகாலை ஆராதனையில் பாடுகிறோம்.

அவர் எப்படி வந்தார் என்பதும் இதே அளவு முக்கியமானது. அகுஸ்து இராயன் குடிமதிப்பு எழுத வேண்டும் என்று கட்டளையிட்டதால், நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளும் யோசேப்பும் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போனார்கள். "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால், பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்" என்று லூக்கா எழுதுகிறார். முன்னணை என்றால் என்ன என்று என் வகுப்பில் கேட்டால், பத்துப் பிள்ளைகளில் இருவருக்குக்கூடத் தெரிவதில்லை. தொட்டில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி. மேய்ப்பர்களுக்குத் தேவதூதன் சொன்ன அடையாளமும் அந்தத் தொட்டியில் கிடக்கும் பிள்ளைதான். பின்னர் தேவாலயத்தில் பெற்றோர் செலுத்திய காணிக்கை, ஒரு ஜோடு காட்டுப்புறாவையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது பலியிடும்படி நியாயப்பிரமாணம் சொன்ன காணிக்கை. அதையே லேவியராகமம் 12-ஆம் அதிகாரத்தில் வாசித்தால், ஆட்டுக்குட்டி கொடுக்கச் சக்தியில்லாதவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட காணிக்கை அது என்று தெரியும். ஏழ்மை இந்த வரலாற்றுக்கு அலங்காரமாகச் சேர்க்கப்பட்டதன்று. "அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும், நீங்கள் அவருடைய தரித்திரத்தினாலே ஐசுவரியவான்களாகும்படிக்கு, உங்கள்நிமித்தம் தரித்திரரானாரே" என்று பவுல் சொல்வது இதைத்தான்.

நம் பகுதியில் நாசரேத் என்றால் திருச்செந்தூர் இரயில் பாதையில் உள்ள ஊர்தான் முதலில் நினைவுக்கு வரும். பள்ளிகளும் மருத்துவமனையும் உள்ள மதிப்பான ஊர். இயேசு வளர்ந்த நாசரேத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. "நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா" என்று நாத்தான்வேல் கேட்டதை நினைத்துக்கொண்டு கிறிஸ்து பிறப்பின் அதிகாரங்களை வாசித்தால், அவை வேறு விதமாகக் கேட்கும்.

இயேசு டிசம்பர் 25 அன்றுதான் பிறந்தாரா?

வேதத்தில் மாதமும் தேதியும் சொல்லப்படவில்லை. உரோமையில் 354-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியில், 336-ஆம் ஆண்டு வாக்கிலேயே டிசம்பர் 25 கிறிஸ்துவின் பிறப்பு நாளாகக் குறிக்கப்பட்டிருந்ததற்குச் சான்று கிடைக்கிறது. உரோமரின் சூரியத் திருநாளுக்கு எதிராக அந்த நாள் தெரிந்துகொள்ளப்பட்டது என்று சிலரும், மார்ச் 25 அன்று மரியாள் கருவுற்றாள் என்ற பழைய கணக்கிலிருந்து ஒன்பது மாதம் எண்ணி வந்தது என்று சிலரும் சொல்கிறார்கள். ஆர்மீனியத் திருச்சபை இன்றுவரை ஜனவரி 6 அன்றுதான் இந்தப் பண்டிகையைக் கொண்டாடுகிறது. தேதியைப் பற்றி வாக்குவாதம் செய்கிறவர்களோடு நான் நேரம் செலவிடுவதில்லை. தன் தாயின் பிறந்த தேதி தெரியாத மகன்கூட அவளுடைய அன்பைச் சந்தேகிப்பதில்லை.

புத்தாடை எடுப்பதும் பலகாரம் சுடுவதும் தவறா?

தவறில்லை. மாம்சத்தில் வந்த கடவுளின் பண்டிகையைக் கண்ணுக்கும் நாவுக்கும் ஒன்றும் கொடுக்காமல் கொண்டாட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அதிரசமும் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வீட்டில் மணக்க வேண்டும். சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் ஊர் திரும்பும் பிள்ளைகளுக்கு அந்த மணம்தான் வீடு. என் தாயாரும் பக்கத்து வீட்டுச் சித்தியும் சேர்ந்து உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தபடி கீர்த்தனை பாடிய இரவுகளில் நான் கற்றுக்கொண்டது, பின்னால் கேட்ட பல பிரசங்கங்களில் கற்றுக்கொண்டதைவிட அதிகம்.

எனக்குள்ள வருத்தம் வேறு. எதற்காக வாங்குகிறோம் என்ற நினைவு மறைந்து, வாங்கியதே பண்டிகை என்று ஆகிவிட்டது. "கிறிஸ்துமஸ் முடிந்ததா?" என்று கேட்டால், துணி எடுத்தாயிற்றா என்பதுதான் அதன் பொருள். ஒரு குடும்பம் டிசம்பரில் நான்கு முறை கடைக்குப் போகிறது, வியர்வையும் நெரிசலுமாகத் திரும்புகிறது, திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளில் இரண்டில் ஆலயத்துக்கு வரவில்லை என்றால், அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்லாவிட்டாலும், அது இழந்ததை எண்ணித் துக்கப்படுகிறேன். திருவருகைக் காலம் காத்திருப்பதற்கான காலம், மனந்திரும்புதலின் காலம். விளம்பரமோ காத்திருக்காதே, இன்றே வாங்கு என்கிறது.

நடைமுறையில் நான் சொல்வது ஒன்று உண்டு. புத்தாடை எடுக்கும்போது, ஆராதனையில் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்காரப்போகும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை தன் பழைய சட்டையைப் பார்த்துக் கூசும்படியான ஒரு உடை உங்கள் பிள்ளைக்கு வேண்டாம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே விலையில் எடுத்து, ஒன்றைச் சத்தமில்லாமல் அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வருவது இன்னும் நல்லது.

கடன் வாங்கிக் கொண்டாடலாமா?

கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை, அதற்குக் காரணமும் உண்டு. என் சிறுவயதில் ஒரு டிசம்பரில் எங்கள் வீட்டில் ஆறு பேருக்கும் துணி எடுக்க என் தகப்பனார் வட்டிக்குப் பணம் வாங்கினார். ஆராதனைக்கு நாங்கள் பளபளப்பாகப் போனோம். அந்தக் கடன் ஈஸ்டர் பண்டிகையையும் தாண்டியது. தவக்காலம் முழுவதும் மாலையில் வாசலில் ஒருவர் வந்து நிற்பார். அப்பா வீட்டில் இல்லை என்று சொல்ல எங்களைப் பழக்கினார்கள். அந்த ஆண்டு நான் உடுத்திய சட்டையின் நிறம் எனக்கு நினைவில்லை. நான் சொன்ன பொய் நினைவிருக்கிறது.

பண்டிகைச் சீட்டும் பலகாரச் சீட்டும் வேறு வகை. பீடி சுற்றும் தாய்மார் வாரந்தோறும் சிறு தொகை கட்டி, டிசம்பரில் எண்ணெயும் மாவும் வெல்லமும் பாத்திரமும் பெற்றுக்கொள்வதைச் சேமிப்பு என்றே சொல்லலாம். நம்பிக்கையான ஆளிடம் கட்ட வேண்டும் என்பது மட்டுமே என் எச்சரிக்கை. நவம்பரில் சீட்டு நடத்தியவர் ஊரை விட்டுப் போய்விட்டால் அந்த வீடுகளில் பண்டிகையே இல்லாமல் போய்விடும். ஆனால் தவணையில் செல்பேசி, பண்டிகைச் சலுகையில் பெரிய தொலைக்காட்சி என்று வரும் அழைப்புகளில் சேமிப்பு எதுவும் இல்லை. சத்திரத்தில் இடம் கிடைக்காதவரின் பிறப்பைக் கொண்டாட ஒருவன் தன் வீட்டின் நிம்மதியை அடகு வைக்க வேண்டியதில்லை என்பதைப் போதகர்கள் பிரசங்க பீடத்திலிருந்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சபையார் பலர் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறார்கள். யாராவது சொன்னால் அவர்களுக்கு விடுதலையாக இருக்கும்.

கிறிஸ்துமஸ் தாத்தா கிறிஸ்தவரா?

அவருக்கு முன்னோடியான நிக்கொலாஸ் கிறிஸ்தவர்தான். நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள மீரா என்ற ஊரின் ஆயராக இருந்தவர். மூன்று பெண்களைப் பெற்ற ஓர் ஏழைத் தகப்பன் வரதட்சணைக்கு வழியில்லாமல் அவர்களைத் தீய தொழிலுக்கு விற்றுவிடும் நிலைக்கு வந்தபோது, நிக்கொலாஸ் இரவில் யாருக்கும் தெரியாமல் பொற்காசுப் பைகளை அந்த வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படுவது. அவருடைய திருநாள் டிசம்பர் 6. டச்சுக்காரர்களின் வழக்கத்தில் அவர் பெயர் மாறி, அமெரிக்காவுக்குப் போய், 19-ஆம் நூற்றாண்டில் பனிவண்டியும் சிரிப்புமாக வேறு உருவம் எடுத்து, பிறகு விளம்பரங்களில் பருத்துப் போனார்.

நம் ஊரில் முகமூடி அணிந்து கேரல் குழுவோடு ஆடி வரும் தாத்தாவைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மீரா ஆயரின் வரலாற்றைச் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள் என்கிறேன். வரதட்சணைக்காக நகையை எடை போடும் நம் திருநெல்வேலிச் சீமையில், அந்த வரலாறு எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும் உறைக்கும்.

நட்சத்திரம், குடில், மரம், வண்ண விளக்குகள்: இவற்றுக்குப் பொருள் உண்டா?

நட்சத்திரம் மத்தேயு 2-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளுக்கு, அதாவது ஞானிகளுக்கு, அது வழிகாட்டியது. முன்பெல்லாம் மூங்கில் தப்பைகளைக் கட்டி, மைதாப் பசையால் வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து வீட்டிலேயே செய்தோம். தகப்பனும் பிள்ளையும் இரண்டு மாலை நேரம் சேர்ந்து உட்காரக் கிடைத்த வாய்ப்பு அது. கடை நட்சத்திரத்தில் அது கிடைப்பதில்லை. குடில் அமைக்கும் வழக்கத்தை 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் பரப்பினார். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் கிறிஸ்துவின் ஏழ்மையைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆகவே பளிங்குத் தரையும் ஓடும் நீரூற்றும் வைத்த குடில்களைக் காணும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. மரம் ஜெர்மன் நாட்டு வழக்கம். வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்றுமில்லை.

அழகுக்கு நான் விரோதியல்லன். மெஞ்ஞானபுரத்தில் 192 அடி உயரக் கோபுரத்தை எழுப்பியதும், இடையன்குடியில் கால்டுவெல் காலத்தில் 1847-இல் தொடங்கிய ஆலயத்தை 1880 வரை பொறுமையாகக் கட்டி முடித்ததும் பனையேறிப் பிழைத்த மக்கள் நிறைந்த சபைகளில்தான். அந்த அழகு ஊருக்கே பொதுவானது; எந்த ஏழையும் அதன் கீழ் உட்காரலாம். ஒரே தெருவில் இரண்டு வீடுகள் விளக்குக்காகப் போட்டி போடுவதில் அந்தப் பொதுமை இல்லை.

கேரல் ரவுண்ட்ஸ் பணம் பிரிப்பதற்காகவா?

அப்படி ஆகிவிடக்கூடாது என்பதற்காகத்தான் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வாலிபரோடு இதைப் பேசுகிறேன். பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு, சுருதிப்பெட்டியும் கைத்தாளமுமாக அதிகாலைப் பஜனை போன காலத்தில், கேட்கிறவர் வீட்டில் இருந்ததைக் கொடுத்தார். கட்டன் காப்பி கிடைத்தாலும் மகிழ்ச்சி. இப்போது வசதியான வீடுகளுக்கு முதலில் போய், அங்கே நான்கு பாட்டுப் பாடி, சந்தின் கடைசி வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டி ஒரு பல்லவியோடு நிறுத்திவிடுகிறார்கள். தேவதூதர்களின் பாட்டு முதலில் போனது வயல்வெளியில் மந்தை காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களிடம் அல்லவா? பட்டியலைத் தலைகீழாக்குங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கும் முதியவர் வீட்டிலிருந்து தொடங்குங்கள். அங்கே பழைய கீர்த்தனையைப் பாடுங்கள். திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களும் சேர்ந்து பாடுவார்கள்.

'எக்ஸ்மஸ்' என்று எழுதுவது கிறிஸ்துவை நீக்குவதாகுமா?

ஆகாது. கிரேக்க மொழியில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் எழுத்து அந்த வடிவத்தில்தான் இருக்கும். ஆயினும் முழுப்பெயரை எழுதுவதே எனக்குப் பிடிக்கும்.

நான் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கிறிஸ்தவன். டிசம்பர் வியாபாரத்தை நம்பித்தான் என் ஆண்டே ஓடுகிறது. நான் குற்றவாளியா?

இல்லை. உழைத்து, நியாயமான விலைக்கு நல்ல துணி விற்பது நேர்மையான தொழில். உங்களிடம் கேட்பதற்கு இரண்டு கேள்விகள் மட்டும் உண்டு. காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டு துணி விரிக்கும் பெண் பிள்ளைகளுக்கு உங்கள் கடையில் உட்கார இடம் இருக்கிறதா? பணியாளர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டமே திருத்தியது. கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் சொல்வது அதற்கும் பழைய சட்டம். அடுத்து, டிசம்பர் 24 இரவு நள்ளிரவுவரை கடை திறந்திருந்தால், உங்களிடம் வேலை செய்யும் கிறிஸ்தவப் பிள்ளை அதிகாலை நான்கு மணி ஆராதனைக்கு எந்தக் கண்ணோடு வருவாள்?

பண்டிகைச் செலவில் எவ்வளவை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும்?

விழுக்காடு எதுவும் என்னிடம் இல்லை. நம் முன்னோரிடம் ஒரு முறை இருந்தது: பிடியரிசி. உலையில் அரிசி போடுமுன் தாய் ஒரு பிடி அள்ளித் தனிக்கலயத்தில் போடுவாள். சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டு போவாள். மிச்சமானதை அவள் கொடுக்கவில்லை, உண்ணுமுன் எடுத்து வைத்தாள். இப்படிக் கொடுத்துப் பழகிய திருநெல்வேலிச் சபை மக்கள்தாம் 1903-இல், வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா போன்றோரின் முயற்சியால், இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, நம் நாட்டுப் பணத்தையும் நம் நாட்டு ஆட்களையும் கொண்டு தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரை ஊழியத்துக்குப் போனார்கள். வசதி வந்த பிறகு கொடுப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஆகவே, டிசம்பர் முதல் வாரத்தில், கடைக்குப் போகுமுன், கொடுக்க வேண்டியதை எடுத்து வையுங்கள். தொகையை உங்கள் மனச்சாட்சி சொல்லும்.

கிறிஸ்தவரல்லாத அயலாரோடு இந்தப் பண்டிகையைப் பகிர்ந்துகொள்வது எப்படி?

தீபாவளிக்கு அவர்கள் வீட்டுத் தட்டு நம் வீட்டுக்கு வருகிறது. கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுத் தட்டு போகிறது. அந்த வழக்கத்தைக் காப்பாற்றுங்கள், தட்டோடு கொஞ்ச நேரமும் கொடுங்கள். ஆனால் கொடுப்பது மட்டுமே நம் வேலை என்று எண்ண வேண்டாம்; நாம் பெற்றுக்கொண்டும் இருக்கிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெளியேற வழியின்றித் தவித்தார்கள். அருகிலிருந்த புதுக்குடி கிராமத்தார், தங்கள் ஊரும் வெள்ளத்தில் தவித்த நிலையில், இருந்த அரிசியைக் கொண்டு ஊர்க் கோயிலில் சமைத்து, முன்பின் தெரியாத அந்தப் பயணிகளுக்குச் சோறு கொடுத்தார்கள். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு ஆராதனைக்கு ஒரு வாரமே இருந்தது. பல வீடுகளில் துணியும் பலகாரமும் இல்லை, அலமாரியே இல்லை. "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்ற வசனத்தை அன்று வாசிக்கக் கேட்டபோது, இடம் கொடுத்த அந்தக் கிராமத்தார்தான் என் கண்முன் வந்தார்கள். அவர்களுக்கு நான் எதைக் கற்றுக்கொடுப்பேன்? அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இந்த ஆண்டு ஒரு மரணம். நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா?

நம் பக்கத்தில் துக்க வீட்டார் அந்த ஆண்டு பலகாரம் சுடுவதில்லை, புத்தாடை உடுத்துவதில்லை, நட்சத்திரம் கட்டுவதில்லை. அந்த வழக்கத்தில் மரித்தவருக்கான மரியாதை இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள் என்று யாரையும் நான் வற்புறுத்தமாட்டேன். ஆனால் ஆராதனைக்கும் வராமல் இருந்துவிடுகிறார்கள், அதுதான் என் மனதை வாட்டுகிறது. கடைத்தெருவின் கிறிஸ்துமஸில் துக்கமுள்ளவர்களுக்கு இடமில்லை; சிரித்த முகங்களை மட்டுமே விளம்பரம் காட்டும். வேதத்தின் கிறிஸ்துமஸோ "அந்தகாரத்திலும் மரண இருளிலும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வெளிச்சம் தரவும்" வந்தவரைப் பற்றியது. இந்தப் பண்டிகை யாருக்காவது சொந்தம் என்றால் முதலில் உங்களுக்குத்தான். பழைய சேலையிலேயே வாருங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

மற்றவர்களுக்கு ஒரு சொல்: அந்த வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பிவிட்டு நின்றுவிடாதீர்கள். 24-ஆம் தேதி மாலையில் நேரில் போய், ஆராதனைக்கு அவர்களைக் கூட அழைத்துச் செல்ல வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

டிசம்பர் 26 அன்று எல்லாம் முடிந்துவிடுகிறதே?

கடைக்குத்தான் முடிகிறது, புத்தாண்டுச் சலுகைப் பலகை ஏறிவிடும். திருச்சபையின் நாட்காட்டியில் பண்டிகை 25 அன்று தொடங்கி ஜனவரி 6 வரை போகிறது. 26 கல்லெறிந்து கொல்லப்பட்ட இரத்தசாட்சியான ஸ்தேவானின் நாள். 28 ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லகேம் குழந்தைகளின் நாள். முன்னணையின் பக்கத்திலேயே கல்லும் வாளும் இருப்பதைத் திருச்சபை மறைக்கவில்லை. குழந்தை இயேசுவே எகிப்துக்கு அகதியாக ஓடினார்.

எங்கள் ஞாயிறு பள்ளி அறையில் குடிலை 26 அன்று கலைப்பதில்லை. சாஸ்திரிகள் மூவரின் மண்பொம்மைகளை முதலில் குடிலுக்குள் வைப்பதும் இல்லை. ஜன்னல் திண்டில் வைக்கிறோம். பிள்ளைகள் நாள்தோறும் முறை வைத்து அவற்றைச் சிறிது சிறிதாக நகர்த்துவார்கள். பொம்மைகள் பெஞ்சு தாண்டி, மேசை தாண்டி, ஜனவரி 6 அன்று பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமுமாகப் பிள்ளையின் முன் வந்து சேரும். அன்று ஒரு பாட்டுப் பாடி, ஜெபித்துவிட்டு, குடிலைப் பிரிப்போம். அதிலிருந்த வைக்கோலைப் பக்கத்து வீட்டுப் பசுவுக்குக் கொண்டுபோய்ப் போடுவது வகுப்பிலேயே சின்னப் பிள்ளையின் வேலை.